அப்பாவின் ரிப்போர்ட்டில் 13கியூ14 டிலீஷன்: தொலைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் திருப்பிக் கொடுக்க முடியாதா?

நத்தம் பாண்டி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளையணு 48,000 என்று வந்தது. அங்கிருந்து ரத்தநோய் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஃபிஷ் என்று வரிசையாக டெஸ்ட் எடுத்து, கடைசியில் சி.எல்.எல். என்று சொன்னார்கள். மெதுவாக நகரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயாம். குரோமோசோமைப் பார்க்கும் அந்த ஃபிஷ் ரிப்போர்ட்டில் "13கியூ14 டிலீஷன், ஒரு பிரதி, 70 சதவீத செல்களில்" என்று இருக்கிறது. வேறு கோளாறு எதுவும் எழுதவில்லை. "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார் டாக்டர்.

அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கேன்சர் என்று சொல்லிவிட்டு மருந்தே கொடுக்காமல் அனுப்புவது எந்த ஊர் வைத்தியம் என்று சித்தப்பா குதிக்கிறார். நெட்டில் தேடியதில் அந்த 13கியூ14 இடத்தில் மிர்-15, மிர்-16 என்று இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது, அவை போனதால்தான் செல்கள் சாகாமல் பெருகுகின்றன என்று படித்தேன். அப்படியானால் போனதைத் திருப்பி ஊசியில் ஏற்றினால் சரியாகிவிடாதா? இது வேறு இடத்துக்குப் பரவுமா? அப்புறம், ஒரு லேப்காரர் 18,000 ரூபாய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். கூடவே ஏதோ மாத்திரையும் இருக்கிறதாம். எடுக்கலாமா? பயாலஜி எனக்கு ப்ளஸ் டூவோடு சரி, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பெட்ரி தட்டு சுந்தரி:

பாண்டி, நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் கேன்சர் செல்களை வளர்ப்பதும், வளர்த்ததைக் கொல்லப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அப்பாவுக்கு என்ன செய்வது என்பதை இங்கே இருக்கும் டாக்டர் யாராவது வந்து சொல்லட்டும். 13கியூ14 கதையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது.

13ஆம் குரோமோசோமில் அந்தத் துண்டு சி.எல்.எல். நோயாளிகளிடம் அடிக்கடி காணாமல் போகிறது என்பது வெகு நாளாகத் தெரிந்த விஷயம். அங்கே புற்றுநோயை அடக்கும் ஒரு ஜீன் இருக்க வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு மேல் தேடினார்கள். சுற்றுவட்டாரத்தில் புரதம் தயாரிக்கும் ஜீன் ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் உருப்படியாகக் குறை தெரியவில்லை. 2002இல் அமெரிக்காவில் கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில் ஜார்ஜ் காலின் என்பவர், நோயாளிகள் எல்லோருக்கும் பொதுவாக அறுந்து போகும் பகுதியைச் சுருக்கிச் சுருக்கி, சுமார் 30,000 எழுத்து நீளத்துக்குக் கொண்டுவந்தார். அந்தச் சின்ன இடத்தில் புரத ஜீனே இல்லை. மிர்-15ஏ, மிர்-16-1 என்று இரண்டு பொடிசுகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. சி.எல்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் அவை குறைந்தோ இல்லாமலோ இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்ட முதல் வேலை அதுதான். 1993இல் விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்குனும் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இந்த வகை ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தபோது, புழுவுக்குள் நடக்கும் ஏதோ விநோதம் என்று பலரும் கடந்து போனார்கள். 2024இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளம்தான். கோவிட் தடுப்பூசி வந்தபோது எம்.ஆர்.என்.ஏ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், புரதம் செய்வதற்கான ஆர்டர் அது. ஆர்கோநாட் என்ற புரதம் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சுமந்துகொண்டு போய், எம்.ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் பொருந்தும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். 22 எழுத்தில் இரண்டாவதிலிருந்து எட்டாவது வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். ஒட்டினால் அந்த ஆர்டர் சீக்கிரம் சிதைந்துவிடும், அல்லது புரதம் குறைவாகத் தயாராகும். குறையும் என்றுதான் சொல்கிறேன், அடியோடு நிற்காது. ஏழு எழுத்துப் பொருத்தம் நூற்றுக்கணக்கான ஜீன்களில் கிடைக்கும் என்பதால், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரே சமயத்தில் ஏகப்பட்ட புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சம் அமுக்கி வைக்கிறது. இதை நினைவில் வையுங்கள், உங்கள் ஊசிக் கேள்விக்கு இங்கேதான் வரப்போகிறேன்.

மிர்-15, மிர்-16 இரண்டும் அமுக்குவதில் முக்கியமானது பி.சி.எல்-2 என்ற புரதம். 2005இல் வந்த செய்தி இது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதல்லவா, அதன் சவ்வில் ஓட்டை போடக்கூடிய பாக்ஸ், பாக் என்று இரண்டு புரதங்கள் உண்டு. ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும், காஸ்பேஸ் என்ற கத்தரிக்கோல் நொதிகள் விழித்துக்கொண்டு செல்லை உள்ளிருந்தே நறுக்கிவிடும். அந்த ஓட்டை விழாமல் தடுப்பது பி.சி.எல்-2. மிர்-15உம் மிர்-16உம் போய்விட்டால் பி.சி.எல்-2 ஏறும், வயதான பி-செல் (சி.எல்.எல்.லில் பெருகும் வெள்ளையணு வகை இதுதான்) சாக வேண்டிய நேரத்தில் சாகாது. ரத்தத்தில் தேங்கும். அப்பாவின் 48,000இல் பெரும்பங்கு அப்படித் தேங்கிய கூட்டம்தான்.

மைக்ரோஸ்கோப்பில் இந்தச் சாவைப் பார்த்தால் மறக்க முடியாது. நல்ல செல் உருண்டையாகப் பளிச்சென்று இருக்கும். சாகத் தொடங்கியதும் முதலில் சுருங்கும், பிறகு சோறு கொதிக்கும்போது குமிழ் எழும்புவது போல ஓரமெல்லாம் குமிழ் குமிழாகப் புடைத்து, துண்டு துண்டாகப் பிரியும். உள்ளே இருந்த ஒரு கொழுப்பு மூலக்கூறு வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதில் ஒட்டும் அனெக்ஸின் சாயத்தைப் போட்டுத்தான் எத்தனை செத்தது என்று எண்ணுகிறோம். ஒரு வேடிக்கை தெரியுமா? உடம்புக்குள் சாகவே சாகாத சி.எல்.எல். செல்லை எடுத்து தட்டில் வைத்தால் சில நாளில் தானாகச் செத்துப் போகும். நிணநீர்க் கட்டியிலும் எலும்பு மஜ்ஜையிலும் அக்கம்பக்கத்து செல்கள் கொடுக்கும் தைரியம் தட்டில் கிடைக்காது. எங்களுக்குப் பெரிய தலைவலி அது. மருந்து கொன்றதா, தனிமை கொன்றதா என்று பிரித்துச் சொல்ல ஒவ்வொரு முறையும் மருந்து போடாத தட்டு ஒன்று பக்கத்தில் வேண்டும்.

சரி, திருப்பிக் கொடுக்கலாமா? தட்டில் கொடுக்கலாம். மெக்-01 என்று ஒரு ரத்தப் புற்றுநோய் செல் வரிசை, அதில் இந்த இரண்டும் கிடையாது. உள்ளே செலுத்தினார்கள், பி.சி.எல்-2 இறங்கியது, செல்கள் செத்தன. எலியில் தலைகீழாகச் செய்து பார்த்ததும் பொருந்தி வந்தது: 2010இல் இந்த ஜீன் துண்டை எலியிலிருந்து நீக்கினார்கள், வயதானதும் அவற்றில் சிலவற்றுக்கு சி.எல்.எல். போன்ற நோயே வந்தது.

மனிதரிடம்தான் சிக்கல். மிர்-34ஏ என்று இன்னொன்று உண்டு. பி53 என்ற பிரபலமான காவல் புரதம் தன் வேலைக்கு வைத்திருக்கும் கையாள் அது, அதுவும் செல்லைச் சாவுப் பக்கம் தள்ளும். அதன் நகலைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து 2013இல் கல்லீரல் புற்றுநோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் சோதிக்கத் தொடங்கினார்கள். மொத்தம் 85 பேர். மூன்று பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகப் பொங்கி நான்கு பேர் இறந்தார்கள். 2016இல் நிறுத்திவிட்டார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ. வெளியிலிருந்து வந்தால் வைரஸ் வந்துவிட்டது என்றுதான் உடம்பு நினைக்கும். அது ஒரு பக்கம். வெறும் ஆர்.என்.ஏ.வாக ஏற்றினால் ரத்தத்திலேயே நொதிகள் தின்றுவிடும், கொழுப்புக் குமிழில் வைத்தால் பெரும்பகுதியைக் கல்லீரல் வாரிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்திலும் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே அடியாக அசைக்கும். பி.சி.எல்-2ஐ மட்டும் தொடு என்று அதற்குச் சொல்ல முடியாது.

உங்கள் அப்பாவின் மிர்-16ஐயே எடுத்துக்கொண்டால், ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியாவிலிருந்து எடுத்த, உயிரில்லாத மினி செல்லுக்குள் அடைத்து. 2017இல் முடிவு வந்தது. மதிப்பிட முடிந்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, 15 பேருக்கு வளராமல் நின்றது. மோசமில்லை என்று நான் சொல்வேன், ஆனால் சிகிச்சையாகக் கடைக்கு வரவில்லை.

வார்டு ரவுண்ட்ஸ்:

ரத்தநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுந்தரி சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

பாண்டி, உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இது எல்லா ஊர் வைத்தியமும்தான். 13கியூ டிலீஷன் மட்டும் தனியாக இருப்பது சி.எல்.எல். வகைகளில் நல்ல பக்கம். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் 325 நோயாளிகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் 55 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இது மட்டுமே இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 133 மாதம், மற்ற எல்லாக் குழுவையும்விட அதிகம். அது பழைய மருந்துகளின் காலம். 17ஆம் குரோமோசோமில் பி53 இருக்கும் இடம் போனவர்கள்தான் அன்று கஷ்டப்பட்டார்கள். வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாங்கள் மருந்து தொடங்குவதில்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்குவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாவது, மண்ணீரலோ நெறிக்கட்டியோ ரொம்பப் பெரிதாவது, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் சட்டை நனையும் வியர்வை, இப்படி ஏதாவது வந்தால்தான் தொடங்குவோம். முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

பரவுமா என்று கேட்டீர்கள். இந்த நோய் தொடக்கத்திலேயே ரத்தம், மஜ்ஜை, நிணநீர்க் கணு எல்லாவற்றிலும்தான் இருக்கும். மார்பகக் கட்டி எலும்புக்குப் போனது என்கிற மாதிரி "பரவல்" கணக்கு இதற்குப் பொருந்தாது.

இரண்டாவது, தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும் அது செய்த வேலையைச் செய்ய மாத்திரை இருக்கிறது. வெனட்டோகிளாக்ஸ், நேராக பி.சி.எல்-2 புரதத்தின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். 2016இல் அமெரிக்காவில் சி.எல்.எல்.லுக்கு அனுமதி கிடைத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததில்லை, பி.சி.எல்-2 லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றில் 1980களிலேயே பிடிபட்டது. இரண்டு பாதையும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. மாத்திரையை எப்படித் தொடங்குவோம் தெரியுமா? முதல் வாரம் 20 மில்லிகிராம், அப்புறம் வாரத்துக்கு வாரம் 50, 100, 200, 400. முதல் நாளே முழு அளவு கொடுத்தால் செல்கள் மொத்தமாகச் செத்து, பொட்டாசியமும் யூரிக் ஆசிடும் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகமும் இதயமும் தடுமாறும். இத்தனை வருஷம் சாகாமல் இருந்த செல்கள் அவ்வளவு அவசரமாகச் சாகும்.

தாராபுரம் மீனா:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. மிர்-10பி பரப்பும், மிர்-200 தடுக்கும் என்று ஒரு இடத்தில் படித்தேன். அடுத்த பக்கத்தில் மிர்-200 இருந்தால் பரவும் என்று போட்டிருக்கிறான். எதை நம்புவது?

பெட்ரி தட்டு சுந்தரி:

மீனா, இரண்டையும். நல்ல மைக்ரோ ஆர்.என்.ஏ., கெட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பட்டியல் போடும் கட்டுரைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த செல், எந்தக் கட்டம் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

பரவுவது என்றால் ஒரு வேலை இல்லை. செல் முதலில் பக்கத்து செல்லின் கையை விட வேண்டும், திசுவைத் துளைத்து ரத்தக்குழாய்க்குள் இறங்க வேண்டும், ஓட்டத்தில் சாகாமல் தப்பிக்க வேண்டும், வேறு உறுப்பில் வெளியே ஏறி, அங்கே குடித்தனம் தொடங்கிப் பெருக வேண்டும். போகிறவற்றில் மிகச் சிலதான் கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

மிர்-200 குடும்பம் என்ன செய்கிறது? 2008இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த வேலை: ஜெப்-1, ஜெப்-2 என்ற இரண்டு புரதங்களை அது அமுக்குகிறது. அந்த இரண்டும் ஈ-கேடெரினை அணைப்பவை. ஈ-கேடெரின்தான் செல்லும் செல்லும் கோத்துக்கொள்ளும் கொக்கி. ஆக மிர்-200 இருந்தால் கொக்கி இருக்கும், செல் வரிசையில் நிற்கும். மிர்-200 குறைந்தால் ஜெப் ஏறும், கொக்கி கழலும், செல் நீண்டு மெலிந்து தனியாக ஊர ஆரம்பிக்கும். தட்டிலேயே கண்ணுக்குத் தெரியும், கல் பாவியது போல நெருங்கி இருந்தவை கலைந்து ஆளுக்கொரு திசையில் கிடக்கும். ஜெப்பும் திருப்பி மிர்-200ஐ அணைக்கும், அதனால் பாதியில் நிற்காமல் சுவிட்ச் மாதிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். இது நீங்கள் படித்த முதல் பக்கம்.

இனி இரண்டாவது பக்கம். நுரையீரலில் போய் இறங்கிய செல், தனியாக ஊர்ந்துகொண்டே இருந்தால் கட்டியாக வளராது. மறுபடி கொக்கி போட்டுக் கூட்டமாக வேண்டும். அப்போது மிர்-200 கைகொடுக்கிறது. 2011இல் பிரின்ஸ்டனில் இபின் காங்கின் ஆய்வகம் எலியில் இதைக் காட்டியது. செக்23ஏ என்ற புரதத்தை மிர்-200 அமுக்குவதால், புதிய இடத்தில் குடியேறுவதைத் தடுக்கும் சில புரதங்கள் செல்லிலிருந்து வெளியே சுரக்காமல் போகின்றன. வீட்டை விட்டுக் கிளம்பும்போது தடுத்த அதே ஆள், போன ஊரில் வீடு பிடித்துக் கொடுக்கிறான்.

மிர்-10பி இவ்வளவு குழப்பாது. 2007இல் ராபர்ட் வைன்பெர்கின் ஆய்வகத்தில் லி மா கண்டது: ட்விஸ்ட் என்ற புரதம் மிர்-10பியை ஏற்றுகிறது, அது ஹாக்ஸ்-டி10 என்ற புரதத்தை அமுக்குகிறது, அதனால் ரோ-சி என்ற நகர்வு ஜீன் விழித்துக்கொள்கிறது. 2010இல் அதே குழு, மார்பகக் கட்டி உள்ள எலிகளுக்கு மிர்-10பியைத் தடுக்கும் எதிர் இழையை ஊசியில் போட்டது. மார்பில் இருந்த கட்டி ஒரு துளியும் சுருங்கவில்லை. நுரையீரலுக்குப் போனது மட்டும் வெகுவாகக் குறைந்தது. ஏற்கெனவே நுரையீரலில் உட்கார்ந்த செல்களை அந்த ஊசி ஒன்றும் செய்யவில்லை. சாவு வேறு, பரவல் வேறு என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மிர்-21. சாவைத் தூண்டும் பி.டி.சி.டி-4, வளர்ச்சிக்குக் கடிவாளமான பிடென் இரண்டையும் அமுக்கும், படையெடுப்புக்கும் உதவும். 2010இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்லாக் குழு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் மிர்-21 நின்றுவிடும்படி எலிகளை உருவாக்கியது. மிர்-21 ஓடியபோது லிம்போமா வந்தது. நிறுத்தியதும் சில நாட்களில் கட்டி கரைந்து போனது. ஒரே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் தயவில் மொத்தக் கட்டியும் நின்றிருக்கிறது. எலியில்தான், மறந்துவிடாதீர்கள். அக்காவின் கீமோவுக்கு இதில் எதுவும் மாற்று இல்லை.

நத்தம் பாண்டி:

சுந்தரி அக்கா, டாக்டர், ரொம்ப நன்றி. டாக்டர் எழுதியதை அப்படியே சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "சரி, அந்த ஹீமோகுளோபினை மட்டும் விடாமல் பார்த்துக்கோ" என்று இறங்கி வந்துவிட்டார். அந்த 18,000 ரூபாய் டெஸ்ட்டும் மாத்திரையும்? லேப்காரர் தினமும் போன் பண்ணுகிறார். டெஸ்ட்டில் மிர்-16உம் உண்டாம், மிர்-21உம் உண்டாம்.

பெட்ரி தட்டு சுந்தரி:

பாண்டி, அந்தப் பணத்துக்கு அப்பாவை எங்காவது கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

மிர்-16 சிவப்பணுக்களில் கொட்டிக் கிடக்கிறது. ஊசி குத்தும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்தால் போதும், பிளாஸ்மா லேசாக ரோஸ் நிறமாகும், மிர்-16 எகிறும். அப்பாவின் பி-செல்லில் அது குறைந்திருக்கிறதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. மிர்-21 கேன்சரில் மட்டுமா ஏறுகிறது? அழற்சியிலும் ஏறும், இதயத் திசு தடிக்கும்போதும் ஏறும். எண் வந்த பிறகு அதை வைத்து யார் என்ன செய்வது?

மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையே பொய் என்று சொல்ல மாட்டேன். விரைப் புற்றுநோயில் மிர்-371ஏ அருமையாக வேலை செய்கிறது. 2019இல் 616 நோயாளிகளிடம் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடித்தது. டெரடோமா என்ற வகையை மட்டும் கோட்டை விடும். அங்கே அது ஒரு குறிப்பிட்ட செல்லிலிருந்துதான் வருகிறது, வளர்ந்த மனிதரிடம் வேறு இடத்தில் கிட்டத்தட்ட இல்லை, அதனால் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

மாத்திரை பற்றி: வாய் வழியாகப் போகும் ஆர்.என்.ஏ. வயிற்றிலேயே செரித்துவிடும். 2012இல் சீனாவிலிருந்து, அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. சாப்பிட்டவர் ரத்தத்தில் போய் வேலை செய்கிறது என்று ஒரு ஆய்வு வந்து பரபரப்பானது. அடுத்த வருஷமே மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. விளம்பரக்காரர்கள் முதல் ஆய்வை மட்டும்தான் படித்திருக்கிறார்கள் போல.

வார்டு ரவுண்ட்ஸ்:

வழிமொழிகிறேன். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த முறை போகும்போது ஐ.ஜி.எச்.வி. என்ற ஆன்டிபாடி ஜீனின் மியூட்டேஷன் டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நோய் எவ்வளவு வேகமாக நகரும் என்று சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது மாறாது, ஒருமுறை எடுத்தால் போதும். ஃபிஷ்ஷும் பி53 டெஸ்ட்டும் அப்படி இல்லை, மருந்து தொடங்கும் நேரம் வந்தால் மறுபடி எடுப்பார்கள். கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தால், செய்யலாமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் செய்யலாம் என்றுதான் சொல்வார்கள்.